பல ஆண்டுகள் நின்றுபோன எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை வீட்டிலேயே மீட்க முடியுமா?

கவென்ட்ரியில் இருக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமானபின், அவருடைய 1970-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டரை வீட்டார் இவருக்கே கொடுத்துவிட்டார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக கராஜை விட்டு நகராத வண்டி. இன்ஜின் சுற்றவில்லை. ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடமும் சாதாரணக் கருவிகளும் சனி, ஞாயிறு நேரமும் இவருக்கு உண்டு; வெல்டிங் தெரியாது. இன்ஜினை இறக்கி முழுதாக ஓவர்ஹால் செய்வதில் தொடங்கலாமா என்பது கேள்வி. இன்ஜினைப் பற்றிக் கேட்டிருந்தாலும் இவர் அறிய விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். இந்த வண்டி மீட்கத் தகுந்ததா? ஒரே ஆள் வீட்டில் வைத்து அதை முடித்துவிட முடியுமா? இரண்டுக்கும் விடை இன்ஜினில் இல்லை, கதவுக்கு அடியில் இருக்கிறது.

நான் தொழில் கற்றது திருச்சியில், அம்பாசடர்கள் வந்து நிற்கும் ஒரு பட்டறையில். இங்கிலாந்துக்கு வந்தபின் மிட்லண்ட்ஸ் பகுதியில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் கார்களையே பார்த்து வருகிறேன். அம்பாசடர் இன்ஜினைக் கையால் அறிந்தவருக்கு எம்ஜிபி இன்ஜின் அந்நியம் அல்ல. இரண்டும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) நிறுவனத்தின் பி-சீரிஸ் குடும்பம். அம்பாசடரில் நெடுங்காலம் இருந்தது 1489 சிசி, எம்ஜிபியில் இருப்பது 1798 சிசி. பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் இரண்டிலும் ஒன்றேதான், 88.9 மில்லிமீட்டர். சிலிண்டரின் விட்டம்தான் 73 மில்லிமீட்டரிலிருந்து 80-க்குக் கூடியது. 1962-இல் எம்ஜிபி வந்தபோது கிராங்க் ஷாஃப்ட்டை மூன்று மெயின் பேரிங்குகள் தாங்கின. 1964-இன் கடைசியில் அது ஐந்தானது. உங்கள் வண்டியில் ஐந்து. இன்ஜின் கட்டையும் அதை மேலே மூடும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. உலர்ந்த கராஜில் நின்றது என்ற ஒரே காரணத்தால் மீட்கவே முடியாமல் போகும் பி-சீரிஸ் இன்ஜின் அரிது. ஆகவே அதை இப்போது இறக்க வேண்டாம். இறக்கிவிட்டால் கராஜில் பாதி இடம் போய்விடும், கையிலிருக்கும் பணமும் அதிலேயே கரைந்துவிடும். பிறகுதான் பாடியைப் பார்ப்பீர்கள்.

எம்ஜிபிக்குத் தனியாக சேசி கிடையாது. தகடுகளைப் பற்றவைத்து உருவாக்கிய பாடியே சேசியின் வேலையையும் செய்கிறது. அதிலும் ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லை. மூடியில்லாத அட்டைப்பெட்டியைப் போல அது நடுவில் துவளப் பார்க்கும். துவளவிடாமல் பிடித்திருப்பவை இருபுறமும் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில்கள். வெளியே நம் கண்ணுக்குத் தெரிவது வெளிச் சில் மட்டும். அதற்குள் செங்குத்தாக ஒரு தகடு, அதையடுத்து உட்புறச் சில், அடியில் தரைத்தகட்டோடு சேரும் காசில் ரெயில் என்று நான்கும் சேர்ந்தால்தான் பலம். இந்த ஊரில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். முன்சக்கரம் வாரியடிக்கும் உப்புச் சேறு முன் மட்கார்டுக்குப் பின்னால் தேங்கி, ஈரத்தோடு அங்கேயே கிடந்து, சில்லின் முன்முனையைத் தின்னத் தொடங்கும். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளிச் சில்லின் பெயிண்டில் கொப்புளம் எழும் நேரத்தில் உள்தகடு பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு டார்ச், துணியில் சுற்றிய சிறு காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் போதும். காந்தத்தைச் சில்லின் மேல் முன்னிருந்து பின்னாக மெதுவாக நகர்த்துங்கள். அது பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று பேசும். அரித்துப்போனது பொத்தென்று அமுங்கிய சத்தம் தரும், உள்ளே துருச் செதில்கள் சலசலவென்று உதிர்வதும் கேட்கும். உட்புறக் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையும் சில்லும் சேரும் மூலையைப் பாருங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்தால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளுக்கான தொட்டிகள் இருக்கும். பேட்டரி அமிலம் சொட்டிச் சொட்டி அவற்றின் அடி ஓட்டையாகியிருப்பது வழக்கம். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை பாடியில் மாட்டும் இடத்தை மட்டும் மறக்காமல் குத்திப் பாருங்கள். அங்கே ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் அந்த வண்டியைச் சாலையில் இறக்கக் கூடாது.

அடுத்தது கதவு இடைவெளி. கதவின் பின்விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது. பிறகு, வண்டியோடு வந்த ஜாக்கியைச் செருகும் இடத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து, டிராலி ஜாக்கியால் அந்தப் பக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். தகடு நொறுங்கும் சத்தம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சக்கரம் தரையை விட்டு எழுந்தபின் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிய மாறினாலோ, பூட்டு சரியாக விழாமல் போனாலோ அந்தப் பக்கச் சில் வேலை செய்யவில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எப்போதும் போகாதீர்கள். அடியில் போக வேண்டுமென்றால் ஆக்சில் ஸ்டாண்டுகள் கட்டாயம்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. உங்கள் வண்டியின் சில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய படங்களில் பெயிண்ட் நன்றாகவே தெரிகிறது, ஆனால் பளபளக்கும் பெயிண்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லாத எம்ஜிபிகளைப் பார்த்திருக்கிறேன். சோதனையில் சில் தேறிவிட்டால் கவலையே வேண்டாம்; மீதி எல்லாம் வீட்டில் முடியக்கூடிய வேலை. தேறாவிட்டால், பழைய சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி மூடித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அது துருவுக்குப் போடும் போர்வை. முறையாகச் செய்வதென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும் (அது போல்ட்டில் நிற்பதால் எளிது), பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும். வெட்டும் முன் கதவு நிற்கும் வாயிலின் முன்தூணையும் பின்தூணையும் ஓர் இரும்புச் சட்டத்தால் இணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய மறுகணமே பாடி தொய்ந்து, பிறகு கதவு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. ஒரு பக்கம் முழுதாக முடிந்தபிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும்.

வெல்டிங் தெரியாதவர் இதைக் கற்றுக்கொண்டு செய்யலாமா என்றால், தரைத்தகட்டையும் பேட்டரித் தொட்டியையும் தாராளமாகச் செய்யலாம். பல கல்லூரிகளில் மாலை நேர வெல்டிங் வகுப்புகள் நடக்கின்றன. கம்பி ஊட்டிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங்கை அங்கே பழகி, பழைய தகட்டுத் துண்டுகளில் கை படிந்தபின் இந்த இடங்களில் தொடங்குங்கள். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெளியே வைக்காமல் கராஜில் பொறி பறக்க விடாதீர்கள். சில்லை மட்டும், எம்ஜிபி பாடியில் பழகிய ஒருவரிடம் கூலி கொடுத்துச் செய்வதே என் பரிந்துரை. முழுப் பாடியும் போய்விட்டது என்றாலும் வழி அடைபட்டுவிடவில்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் புத்தம்புதிய எம்ஜிபி பாடிகளைச் செய்து விற்கிறது. ஆனால் அந்தப் பாதையில் ஆகும் செலவு, முடிந்த வண்டியின் விற்பனை விலையைத் தாண்டிவிடும் என்பதைத் தெரிந்தே இறங்க வேண்டும். உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி இது. ஏறக்குறைய எல்லாப் பாகமும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

இனி இன்ஜின். செல்ஃப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் துருவில் ஊடுருவும் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி, சில நாள் ஊறவிடுங்கள். மெல்லிய ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் நன்றாகவே வேலை செய்யும். பிறகு கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு இரண்டு பக்கமும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும், ஏஎஃப் அளவு ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீளமான குழாயை மாட்டி முரட்டுத்தனமாகத் திருப்ப வேண்டாம். இன்று நகராதது அடுத்த வாரம் நகரும். சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங் பொறுமைக்குத்தான் இளகும், பலத்துக்கு உடைந்துபோகும். சுற்றத் தொடங்கியபின் பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய கார்களுக்கென்று விற்கும் 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றுங்கள். இதன் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டுக்கும் டேப்பட்டுகளுக்கும் துத்தநாகக் கூட்டுப்பொருள் போதிய அளவு வேண்டும், இன்றைய கார் ஆயில்களில் அது குறைவு. பிளக்குகளைக் கழற்றியபடியே செல்ஃபில் சுற்றவிட்டு, டேஷ்போர்டில் உள்ள ஆயில் அழுத்த மீட்டரின் முள் எழுந்தபிறகுதான் பிளக்குகளை மாட்ட வேண்டும். சூடான இன்ஜின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரை அழுத்தம் காட்டினால் உள்ளே பேரிங்குகள் நலம். நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் ஓவர்ஹால் என்ற பேச்சே தேவையில்லை.

பெட்ரோல் பழசானால் வார்னிஷ் வாடை அடிக்கும், ஒட்டும். டேங்க்கைக் காலி செய்து இறக்குங்கள். எம்ஜிபி டேங்க் மேல்புறம்தான் முதலில் அரிக்கும், டிக்கித் தரைக்கும் அதற்கும் இடையில் மண் தங்குவதால். மேலே ஊசித் துளைகள் தென்பட்டால் புது டேங்க் வாங்கிவிடுங்கள், ஒட்டுப்போட்டுச் சிரமப்பட வேண்டாம். ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ஆர்9 ரகத்துக்கு மாற்றுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரணப் பெட்ரோல் என்றால் பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. பழைய ரப்பருக்கும் பித்தளைக்கும் அது ஆகாது, எத்தனால் குறைந்த இ5 சூப்பர் போடுங்கள். சாவியைத் திருப்பியதும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து டக்டக்கென்று சத்தம் வர வேண்டும். அது எஸ்யு நிறுவனத்தின் மின்சாரப் பெட்ரோல் பம்ப், வலது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நெடுநாள் நின்றால் அதன் பாயிண்டுகள் கருத்து ஒட்டிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டு. பல நேரங்களில் உயிர் வந்துவிடும். வந்தாலும் பாயிண்டுகளைச் சுத்தம் செய்த பிறகே நம்புங்கள். இரட்டை எஸ்யு கார்புரேட்டர்களைக் கண்டு மிரள வேண்டாம். மேல் குடுவையைக் கழற்றித் துடைத்து, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் டொக்கென்று தடையில்லாமல் விழ வேண்டும், அவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம்.

பிரேக்கில்தான் நான் கறாரானவன். இன்ஜின் ஓடிய மகிழ்ச்சியில் தெருமுனைவரை போய்வந்துவிடலாம் என்று தோன்றும், போகாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் என்ன செய்திருக்கிறது என்பதைப் பின்சக்கர டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கினால் பார்க்கலாம்: தேநீர் நிறத்தில் கசடு, சிலிண்டர் சுவரில் அம்மைத்தழும்பாகக் குழிகள். அந்தக் குழிகளின் மேல் ரப்பர் ஏறி இறங்கினால் ஒருநாள் கசியும். உங்கள் வண்டியின் பிரேக் ஒற்றைச் சுற்று. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் பாதை, எங்கே கசிந்தாலும் பெடல் நேராகத் தரைக்குப் போய்விடும். ஆகவே வீல் சிலிண்டர்கள், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள், துருவேறிய இரும்புக் குழாய்கள் அனைத்தையும் புதிதாக மாற்றுங்கள். முன் காலிப்பர்களின் பிஸ்டன்கள் இறுகியிருந்தால் சீரமைத்த காலிப்பர்களை வாங்கிவிடலாம். இவ்வளவும் சேர்த்து ஒரு பெயிண்ட் வேலையின் செலவில் சிறு பங்குதான் ஆகும். டிரம்முக்குள் இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். 1999-இல் தடை வரும்வரை பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, பழைய லைனிங் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். டயர்களில் பூ (தரையைப் பிடிக்கும் மேடுபள்ளம்) எவ்வளவு இருந்தாலும் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2306 என்றால் 2006-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்த டயர். அப்படிப்பட்ட டயரில் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டக் கூடாது.

இரண்டு விஷயங்களில் அடித்துச் சொல்ல முடியாது. ஒன்று கிளட்ச். நெடுநாள் நின்றால் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளக்கூடும். பெடலை மிதித்து மரக்கட்டையால் முட்டுக்கொடுத்துச் சில நாள் விட்டுவைத்து, இன்ஜின் ஓடிச் சூடேறியபின் முயன்றால் பலமுறை விடுபட்டுவிடும். விடாவிட்டால் எம்ஜிபியில் கிளட்ச்சை மாற்ற இன்ஜினை இறக்கியே ஆக வேண்டும். நீங்கள் கேட்ட அந்த வேலைக்கு உண்மையான காரணம் அப்போதுதான் வரும். இன்னொன்று வால்வ் சீட். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு விற்பனையிலிருந்து நின்றது. அந்த ஈயம் வார்ப்பிரும்பு வால்வ் சீட்டுகளைக் காத்துவந்தது. அது இல்லாமல் நெடுஞ்சாலையில் வேகமாகவே ஓட்டினால் சீட்டுகள் தேய்ந்து உள்ளே இறங்கும் என்பதில் சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமை நிதான ஓட்டத்தில் எவ்வளவு தேயும் என்பதில்தான் மெக்கானிக்குகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. இப்போதே ஹெட்டைக் கழற்றுவதை நான் ஆதரிக்கவில்லை. டேப்பட் இடைவெளியை அவ்வப்போது அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது தொடர்ந்து குறைந்துகொண்டே வந்தால் கடினச் சீட் போட்ட ஹெட்டை வாங்கி மாட்டலாம். முந்தைய உரிமையாளரே அப்படியொரு ஹெட்டைப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. பழைய ரசீதுகளைத் தேடிப் பாருங்கள்.

பெயிண்ட் என் துறை அல்ல, நிறப் பொருத்தம், மெருகு பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை தரும் அளவுக்குத் தெரியும். இரண்டு கலவைகளைச் சேர்த்து அடிக்கும் டூ-பேக் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது, வெளியிலிருந்து காற்று வரும் கவசம் வேண்டும். வீட்டு கராஜில் அதை அடிக்காதீர்கள். அக்கம்பக்கத்துக்கும் கேடு.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் வீட்டு மீட்புகள் பிழைக்கின்றன அல்லது சாகின்றன. நட்டு போல்ட்டெல்லாம் பிரித்துப் பைகளில் போட்டு, அப்படியே விற்பனைக்கு வரும் எம்ஜிபிகளை இந்த ஊரில் அடிக்கடி காணலாம். கழற்றியவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. வண்டி மாதக்கணக்கில் வண்டியாகவே தெரியாதபோது மனம் விட்டுப்போகிறது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரியுங்கள். அதை மாட்டி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முதலில் சில் சோதனை, பிறகு இன்ஜினை இளக்கி ஓடவைப்பது, பிறகு பிரேக், டயர், ஸ்டியரிங், அதன்பின் தேவையான வெல்டிங், எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயிண்டும் இருக்கைகளும். சில் தேறாத வண்டி என்றால் மட்டும் வெல்டிங் இரண்டாவது இடத்துக்கு வந்துவிடும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள்கள் உண்டு; சக்கரத்தில் எடை விழாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கிரீஸ் ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டுத்தான் பெரும்பாலான எம்ஜிபிகளில் ஸ்டியரிங் கனக்கிறது.

காகித வேலையை இன்றே தொடங்கிவிடலாம். வி5சி பதிவேடு உங்கள் பெயருக்கு மாறட்டும்; சாலைக்கு வராதவரை வண்டிக்கு, அது சாலையில் ஓடவில்லை என்று அரசுக்குத் தெரிவிக்கும் சார்ன் அறிவிப்பு இருக்க வேண்டும். நாற்பது ஆண்டு கடந்த வண்டி என்பதால் வரலாற்று வாகனமாகப் பதிந்தால் சாலை வரி கட்ட வேண்டியதில்லை. பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டி என்றால் 2018 மே மாதம் முதல் எம்ஓடி என்ற ஆண்டுத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் பாதுகாப்பற்ற வண்டியைச் சாலையில் ஓட்டினால் பொறுப்பு உங்களுடையதுதான், விலக்கு அதற்குக் கேடயம் ஆகாது. நான் வேலை முடித்துக் கொடுக்கும் வண்டிகளுக்கு விருப்ப எம்ஓடி செய்யச் சொல்கிறேன். பதினைந்து ஆண்டு நின்ற வண்டியை இன்னொரு பயிற்சி பெற்ற கண் அடியிலிருந்து பார்ப்பது நல்லது. காப்பீடு எடுத்து, வீட்டுக்கு அருகிலேயே ஒரு சோதனை நிலையத்தில் முன்பதிவு செய்து, உங்கள் முதல் ஓட்டத்தை அங்கே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், இரு கதவுகளின் இடைவெளி அளவுகளையும் ஜாக்கி சோதனையில் என்ன ஆயிற்று என்பதையும் இங்கே எழுதுங்கள். சில் வேலை எவ்வளவு என்று அதை வைத்துச் சொல்கிறேன்.